பிஎம் ஸ்ரீயா, அடல் லேபா, நம்ம ஸ்கூலா?

அரசுப் பள்ளியை நவீனப்படுத்தப் பணம் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச்சு எழுந்தால் இந்த மூன்று திட்டங்களின் பெயர்களும் அடிபடும். தொகையை வைத்துப் பார்த்தால் பிஎம் ஸ்ரீக்குப் போட்டியே இல்லை. ஆனால் பணம் யார் கையெழுத்தில் வருகிறது, வந்தபின் யார் தலையில் வேலை விழுகிறது என்று பார்த்தால் வரிசை மாறிவிடும்.

இருக்கிற பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் மத்திய அரசுத் திட்டம் பிஎம் ஸ்ரீ. அதற்கு 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நாடு முழுவதும் 5 ஆண்டுகளுக்கு 27,360 கோடி ரூபாய், 14,500 பள்ளிகள். ஸ்மார்ட் வகுப்பறை, ஆய்வகம், நூலகம், சோலார் என்று எல்லாம் சேர்ந்தே வரும். ஆனால் ஒரு ஊராட்சி ஒன்றியத்துக்கு அதிகபட்சம் 2 பள்ளிகள்தான். அதற்கும் முன்னால், புதிய கல்விக் கொள்கையை ஏற்பதாக மாநில அரசு ஒப்பந்தம் போட வேண்டும். மும்மொழிப் பிரச்சினையால் 2025 முடியும்வரை தமிழ்நாடு அதைப் போடவில்லை. அந்த இழுபறியில் 2024-25க்கு வர வேண்டிய, பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தரும் சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயும் நின்றுபோனது. இதில் ஒரு எச்.எம். என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது.

பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பார்க்கும் ஆய்வகமான அடல் டிங்கரிங் லேப் அப்படியில்லை. பள்ளியே நேரடியாக விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் இதை 2016-இல் தொடங்கியது. லேப் அமைக்க 10 லட்சம், நடத்த 5 ஆண்டுகளுக்கு இன்னொரு 10 லட்சம் வரை. 3டி பிரிண்டர், சென்சார், ரோபோட்டிக்ஸ் கிட் எல்லாம் 6 முதல் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கே வரும். கற்பிக்கும் முறையையே அசைக்கக்கூடியது மூன்றில் இதுதான் என்பேன். ஆனால் சமவெளிப் பள்ளி என்றால் 1,500 சதுர அடி இடம் கேட்பார்கள். அப்புறம், செலவுக்கணக்கும் பயன்பாட்டுச் சான்றும் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. அந்த வேலை ஏற்கெனவே எமிஸில் (பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் அரசு இணையதளம்) மூழ்கிக் கிடக்கும் ஒரு அறிவியல் ஆசிரியர் தலையில்தான் விழும். கலந்தாய்வில் அவருக்கு மாறுதல் கிடைத்துவிட்டால் லேப் பூட்டித்தான் கிடக்கும். பிரிண்டரில் மாட்டும் பிளாஸ்டிக் இழை தீர்ந்தால் எங்கே வாங்குவது என்றுகூடப் புதிதாக வந்தவருக்குத் தெரிந்திருக்காது.

'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தை 2022 டிசம்பரில் மாநில அரசு தொடங்கியது. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியும்தான் இதற்கு ஆதாரம். கொடுப்பவர் பள்ளியையும் வேலையையும் இணையதளத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். நிபந்தனை குறைவு, கழிப்பறை, சுற்றுச்சுவர், ஸ்மார்ட் போர்டு எதை வேண்டுமானாலும் கேட்கலாம். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: படித்து வெளியே போய்ச் சம்பாதிக்கிறவர்கள் உள்ள ஊருக்கும், பக்கத்தில் தொழிற்சாலை உள்ள ஊருக்கும்தான் பணம் சுலபமாக வரும். மலைக்கிராமப் பள்ளிக்கு யார் தருவார்கள்? உரிமையாக வர வேண்டியதை நன்கொடையாகக் கேட்பது சிலருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது.

இருந்தாலும் சாதாரணக் கிராமப் பள்ளி என்றால் நம்ம ஸ்கூலில்தான் தொடங்கச் சொல்வேன். முதலில் வயரிங்கும் மின் இணைப்பும் கேளுங்கள், போர்டு அப்புறம். லேபுக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் முன்வந்தால் மட்டும் அடலுக்கு விண்ணப்பியுங்கள். ஒருவர்தான் என்றால் அந்த ஆண்டு வேண்டாம்.