பிக்கெஸ்ட் லூசர் டிவிடி, திருநகர் மொட்டைமாடியில்

பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருநகரில் என் வீட்டு மொட்டைமாடியில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சாயங்காலம் உடற்பயிற்சி சொல்லித் தருகிறேன். அவர்களில் ஒருவரின் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது இந்த உடற்பயிற்சி டிவிடி. 2004இல் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய எடைக்குறைப்புப் போட்டிதான் ‘தி பிக்கெஸ்ட் லூசர்’. சமையல் புத்தகம், புரதப் பொடி, வீடியோ கேம் என்று அந்தப் பெயரில் என்னென்னவோ விற்றார்கள். எங்களுக்கு உபயோகப்பட்டது இதுதான்.

பயிற்சியாளர் பாப் ஹார்ப்பரோடு போட்டியில் கலந்துகொண்டவர்களே சேர்ந்து செய்கிறார்கள். அவர்களுக்கும் வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. ஒல்லிப் பெண்கள் ஆடும் வீடியோவைப் போட்டால் “நமக்கு இதெல்லாம் எங்க டீச்சர் வரும்” என்று சுவரோரம் ஒதுங்கியவர்கள், இதைப் பார்த்ததும் முன்வரிசைக்கு வந்தார்கள். உடம்பைச் சூடேற்றுவது, மெதுவான பகுதி, வேகமான பகுதி என்று தனித்தனியாக இருப்பதால் வேண்டியதை மட்டும் போடலாம். கையில் தூக்கும் எடைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். குதிக்கும் இடங்களில் மூட்டுவலிக்காரர்களை நின்ற இடத்திலேயே நடக்கச் சொல்லிவிடுவேன்.

ஆனால் நிகழ்ச்சியில் எடை குறைக்கும் வேகத்தை யாரும் கனவிலும் பின்பற்ற வேண்டாம். 2009இல் ஜெயித்த டேனி கேஹில் ஏழே மாதத்தில் 195 கிலோவிலிருந்து 87 கிலோவுக்கு வந்தார். பிறகு அதில் 45 கிலோவுக்கு மேல் திரும்ப ஏறிவிட்டது. போட்டியாளர்கள் 14 பேரை, போட்டி முடிந்து ஆறு வருடம் கழித்துச் சோதித்த அமெரிக்க அரசு ஆய்வு 2016இல் வந்தது. 13 பேருக்குக் குறைந்த எடை கொஞ்சமாவது திரும்ப ஏறியிருந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி, இருக்க வேண்டிய அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்திருந்தது. அது ஒரு வேளைச் சாப்பாடு! உடம்பே எதிர்த்து நிற்கும்போது “வாயைக் கட்டத் தெரியவில்லை” என்று ஒரு பெண்ணைச் சொல்வது அநியாயம். எனக்குக் கோபமே வருகிறது.

அதனால் எல்லார் முன்னாலும் எடை பார்க்கும் வழக்கம் எங்கள் மாடியில் கிடையாது. பௌர்ணமிக்குத் திருப்பரங்குன்றம் கிரிவலத்தை நடுவில் உட்காராமல் முடிக்க முடிகிறதா, தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா, அதைத்தான் கேட்பேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: அமெரிக்க டிவிடி நம் ஊர் பிளேயரில் ஓடாமல் போகலாம். எந்த நாட்டு டிவிடி ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் ‘ரீஜன்’ அமைப்பை லேப்டாப்பில் மாற்றித்தான் போடுகிறோம். பேச்சு முழுக்க ஆங்கிலம், அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு நானே எண்ணுகிறேன். அப்புறம், பிரஷர் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மெதுவான பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள்.