கத்திரி வெயிலில் ஒரு போலரைசர்: செட்டிநாட்டுக் கொல்லைகளில் சில கோடைகள்

சர்க்குலர் போலரைசர் ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் மாட்டி, வளையத்தைத் திருப்பி மினுக்கத்தைக் குறைக்கும் கண்ணாடி) வாங்கலாமா என்று கேட்டால் கடையில் காட்டும் படம் எப்போதும் ஒன்றுதான். கருநீல வானம், வெள்ளை மேகம், கீழே ஏதோ ஓர் ஏரி. காரைக்குடி, கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் சில கோடைகளாக இதை லென்ஸில் மாட்டிக்கொண்டு அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வானத்துக்காக இதை வாங்க வேண்டாம். காய்கறிக் கொல்லைக்காக வாங்கலாம்.

என்னிடம் இருப்பது ஒரு மிரர்லெஸ் கேமரா, 67 மி.மீ. ஃபில்டர் போடும் ஸூம் லென்ஸ். எடுப்பதெல்லாம் சித்திரை, வைகாசியில் ஊர்ப்பக்கம் கிடைப்பவைதான். மேகம், ஊருணி, பனங்காடு, கொல்லை.

வானத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போலரைசர் நீலத்தைக் கூட்டுவது சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் பகுதியில்தான். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டை விரலைச் செங்குத்தாக விரித்து மணிக்கட்டைச் சுழற்றினால், கட்டை விரல் காட்டும் இடமெல்லாம் பலன் இருக்கும். காலை ஏழு மணிக்குக் காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குப் போனால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். மலையும் கோயிலும் நல்ல வெளிச்சத்தில் நிற்கும், ஆனால் ஃபில்டரை எத்தனை சுற்று சுற்றினாலும் பின்னாலுள்ள வானம் மாறாது. மலைக்கு வடக்கே அல்லது தெற்கே போய் நின்றால்தான் காரியம் ஆகும்.

நடுப்பகல் கதை வேறு. நாம் ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறோம். அதனால் சித்திரை பிறந்த சில நாளிலேயே உச்சிப்பொழுதுச் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அந்த நேரம் அடிவானம் முழுக்கச் சூரியனுக்கு 90 டிகிரியில் இருப்பதால், எந்தத் திசையில் திரும்பினாலும் நீலம் ஒரே சீராக வர வேண்டும். வைட் லென்ஸில் வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுக்கும் தொல்லையும் இருக்கக்கூடாது. கணக்கு சரிதான், புழுதிதான் கெடுக்கிறது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்கினி நட்சத்திரக் காலத்தில் இங்கே அடிவானம் நீலமாகவே இருப்பதில்லை. தூசில் பட்டுப் பட்டுச் சிதறிய ஒளியைப் போலரைசரால் பிரிக்க முடியாது. வெளிறிய சாம்பல் கொஞ்சம் அடர்ந்த சாம்பல் ஆகும், அவ்வளவுதான். ஒரு நல்ல கோடை மழை பெய்து தூசு அடங்கிய மறுநாள் காலை மட்டும் விதிவிலக்கு. அன்றைக்குக் கிடைக்கும் நீலத்துக்கு ஃபில்டரே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

சரி, கொல்லைக்கு வருவோம்.

கோட்டையூர்ப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு கொல்லை உண்டு. செம்மண், போர் தண்ணீர், நடுவில் கத்திரியும் மிளகாயும், ஒரு பக்கம் பாகலுக்கும் புடலைக்கும் பந்தல், வாய்க்கால் ஓரம் வாழை. வைகாசியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். எட்டு மணி தாண்டினால் இலையெல்லாம் வெள்ளி பூசிக்கொள்ளும். வானத்து வெளிச்சம் இலைக்குள் போகாமல் மேல்தோலில் பட்டு அப்படியே தெறிப்பதால் வரும் மினுக்கம் அது. அதில் இலையின் பச்சை இருக்காது, வானத்தின் வெளுப்புதான் இருக்கும். போலரைசர் அதை வெட்டிவிடுகிறது. மென்பொருளில் பச்சையை ஏற்றி இந்தப் பலனைக் கொண்டுவர முடியாது. பச்சை பதிவாகாத இடத்தில் எதை ஏற்றுவது?

எல்லாச் செடிக்கும் ஒரே பலன் இல்லை. வாழை இலையில் மெழுகுப்பூச்சு இருப்பதால் ஃபில்டரைத் திருப்பும்போதே கண்முன்னால் நிறம் மாறும். மிளகாய்ச் செடியில் சின்னச் சின்ன இலை ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் புள்ளியாக அடித்து, பழுத்த மிளகாயை மறைத்துக்கொண்டிருக்கும். புள்ளிகள் போனதும் சிவப்பு தனியாகத் தெரியும். கத்திரி, வெண்டை இலைகள் சுணை உள்ளவை, பளபளப்பு முதலிலேயே குறைவு. அங்கே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் கத்திரிக்காய் இருக்கிறதே, அதுதான் எனக்குப் போலரைசரைப் பழக்கியது. ஊதாக் காயைப் பக்கத்தில் போய், முக்கால்வாசி சட்டத்தை நிறைக்கிற மாதிரி எடுத்து, மினுக்கத்தை முழுக்க அடைத்தேன். நிறம் அடர்ந்து வந்தது. கொல்லைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, வாடுன காயி மாதிரி இருக்கு? சந்தையில இதை எவன் வாங்குவான்?” என்றார். அவர் சொன்னது நியாயம். காயின் புதுசு அந்தப் பளபளப்பில்தான் தெரிகிறது. முழுக்க அடைத்த இடத்திலிருந்து வளையத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்பினால், காம்புமுள்ளுக்குக் கீழே தொடங்கி வயிற்றுப் பக்கம் வரை ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் திரும்பி வரும். இலை மினுக்கம் பாதி அடங்கியிருக்கும், காயும் உயிரோடு இருக்கும். இப்போதெல்லாம் எந்தக் காயானாலும் இப்படித்தான் நிறுத்துகிறேன். தக்காளிக்கும் இதே கதை.

பந்தலுக்குக் கீழே இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். ஃபில்டர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தைத் தின்றுவிடும். காய் வளையாமல் நேராக இறங்கப் புடலை நுனியில் கயிறு போட்டுக் கல் கட்டியிருப்பார்கள். லேசான காற்றுக்கே அந்தக் கல் ஊசலாடும், கூடவே காயும் ஆடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 1600-க்கு ஏற்றினால்தான் படத்தில் காய் அசையாமல் நிற்கிறது. ஏற்றத் தயங்குபவர்கள் பந்தலுக்குள் ஃபில்டரைக் கழற்றிவிடலாம்.

மேகமூட்டமான நாளில் போலரைசரால் பயனில்லை என்று பலர் பையிலேயே வைத்துவிடுகிறார்கள். வானத்துக்குப் பயனில்லை, உண்மை. இலைக்கு அன்றுதான் முழுப் பயன். மேகத்தின் வெளுப்பு இலைமேல் படிந்திருப்பதை எடுத்துவிட்டால் பச்சை தெரியும், நிழலும் கடுமையாக இருக்காது. என்னிடமுள்ள நல்ல கொல்லைப் படங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட காலையில் எடுத்தவை.

தண்ணீர் பாய்ந்த செம்மண்ணிலும் இதே கதைதான். ஈர மினுக்கம் போனதும் மண் ரத்தச் சிவப்பாக எழும். நிறச்சாய்வைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸை நம்பினால் அளவுக்கு மீறிப் போகும், அதிலும் என் ஃபில்டருக்கு லேசாக மஞ்சள் சாய்வு உண்டு. வொயிட் பேலன்ஸை 5200 கெல்வினில் பூட்டி, சிவப்பு ஹிஸ்டோகிராமை (படத்தில் சிவப்பின் அளவைக் காட்டும் வரைபடம்) மட்டும் தனியாகப் பார்த்து, தேவைப்பட்டால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்து எடுக்கிறேன். எவர்சில்வர் தூக்கு, தகரக் கூரை போன்ற உலோக மினுக்கத்தை இது தொடாது. அதற்கெல்லாம் நகர்ந்து நிற்பதுதான் வழி.

கோடை இடிமழை எடுப்பவர்களுக்கு: மத்தியானம் மேகம் திரளத் தொடங்கும் வரை ஃபில்டர் இருக்கட்டும், வெள்ளை மேகத்தின் விளிம்பு நன்றாகப் பிரிந்து தெரியும். மேகம் கறுத்ததும் கழற்றுங்கள். மழைக்கு முன்னால் வரும் புழுதிக்காற்றில் வெளிச்சம் மளமளவென்று இறங்கும், இரண்டு ஸ்டாப்பை வீணாக்க முடியாது. மேகம் வளர்வதை டைம்லாப்ஸ் எடுப்பதானால் போடவே வேண்டாம். சூரியன் நகர நகர வானத்தின் அடர்த்தி மாறிக்கொண்டே போகும். இடிச் சத்தம் காதில் விழுந்தால் பனைமரத்தடியில் நிற்காமல் வீட்டுக்குள் போய்விடுங்கள், படம் அடுத்த வாரமும் கிடைக்கும்.

சாயங்காலம் மழை விட்டதும் கிழக்கே வானவில் வந்தால் மறுபடி மாட்டலாம். வானவில்லின் ஒளி வளைவை ஒட்டிய திசையில் அதிர்வது. வளையத்தை ஒரு பக்கம் திருப்பினால் உச்சி துலங்கிக் கால்கள் மங்கும், இன்னொரு பக்கம் திருப்பினால் நேர்மாறு. ஒரு துண்டை மட்டும் ஸூம் செய்து எடுப்பதானால் அருமை, முழு வில்லுக்குச் சரிவராது.

வீடுகளைப் பற்றியும் கேட்பார்கள். ஆத்தங்குடிக் கற்களைக் கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவை ஊற்றி வார்க்கிறார்கள், அதன் வழவழப்பு அங்கிருந்து வருவது. முற்றத்து வெளிச்சம் அதில் விழுந்து கிடப்பதைத்தான் நான் எடுக்க விரும்புவேன். போலரைசர் போட்டால் பூவேலை தெளிவாகும், தரை உயிரிழக்கும். ஊருணித் தண்ணீரும் அப்படித்தான்.

இனி உழைப்பு. முதலில் வாங்கியது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் விலையில். இரண்டாவது கோடையில் செம்மண் தூசு வளையத்துக்குள் புகுந்து, திருப்பினால் நறநறவென்றது. அப்புறம் ஒருநாள் லென்ஸோடு இறுகிக்கொண்டது. வெறும் விரலால் அழுத்திப் பிடித்தால் வளையம் நெளிந்து இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றிலும் போட்டுச் சமமாகத் திருப்பினால் வந்துவிடும். இப்போது இருப்பது மூவாயிரத்தைத் தாண்டிய விலை, தண்ணீர் ஒட்டாத பூச்சு உள்ளது. அந்தப் பூச்சுக்காகவே கூடுதல் காசு தகும். ஏனென்றால் போர் தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் உப்புப் புள்ளி படியும். பழைய ஃபில்டரில் அதைத் தேய்த்து எடுப்பதற்குள் கோடு விழுந்தது. எதுவானாலும் முதலில் பிளோயரால் ஊதித் தூசைப் போக்கி, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

எரிச்சல் தரும் விஷயம் லென்ஸ் ஹூட். அதை மாட்டினால் வளையத்துக்கு விரல் எட்டாது, மாட்டாவிட்டால் பக்கவாட்டு வெயில் ஃபில்டரில் விழுந்து படம் வெளுக்கும். நான் தொப்பியால் மறைத்துக்கொள்கிறேன். யுவி ஃபில்டர்மேல் இதை மாட்டினால் வைட் படங்களில் மூலை கறுக்கும், ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.

கைபேசியில் மட்டும் எடுப்பவர்கள் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். யாரிடமாவது பழைய போலரைசர் இருந்தால், மரைப்பக்கம் கைபேசியைப் பார்த்து இருக்கும்படி லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். தலைகீழாகப் பிடித்தால் மினுக்கம் போகாது. வாழை இலைக்கு எதிரில் நின்று செய்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், உங்களுக்கு இது தேவையா இல்லையா என்று.