மதர்போர்டு 127 டிகிரியில் கொதிக்கிறது என்று சொன்னால் உஷார்

சர்வீஸ் கடையில் மானிட்டரை உங்கள் பக்கம் திருப்பி, "பாருங்க சார், சிப்செட் 127 டிகிரி காட்டுது, உடனே மாத்தணும்" என்று யாராவது சொன்னால், பர்ஸைத் திறக்காமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். என் மாமாவிடம் இந்த 127-ஐக் காட்டித்தான் 6,500 ரூபாய் கறந்தார்கள்.

மாமா கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர். 2020-இல் அசெம்பிள் செய்த ஏஎம்டி ரைசன் பிராசசர் மெஷின், எக்ஸ்570 போர்டு. எக்ஸ்570 என்பது மதர்போர்டில் இருக்கும் சிப்செட்டின் பெயர், டிரைவ், யுஎஸ்பி போன்றவற்றை பிராசசரோடு இணைக்கும் சிப் அது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் வந்தது. சுமார் 11 வாட் இழுக்கும். முந்தைய எக்ஸ்470 இழுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் அந்த வரிசையில் வந்த போர்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் சிப்செட்டுக்கு மேல் ஒரு குட்டி ஃபேன் இருக்கும். அந்த ஃபேன் இருக்கும் இடமோ கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில். கார்டு விடும் சூட்டையும் தூசியையும் குடித்துக் குடித்து, சில வருஷத்தில் பேரிங் தேய்ந்து கிர்ரென்று கத்த ஆரம்பித்துவிடும். மாமா சொன்ன ஒரே புகார் அந்தச் சத்தம்தான். மெஷின் மற்றபடி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் அந்த 127-ஐக் காட்டி, மெஷினை வைத்துவிட்டுப் போகச் சொல்லி, மறுநாள் "சிப்செட்டே போயிடுச்சு சார், எடுத்துட்டுப் புதுசு வெச்சிருக்கோம், சிப் லெவல் வேலை" என்றிருக்கிறார். பில் கிடையாது, விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார். சத்தம் நின்றிருந்தது. மாமாவுக்குத் திருப்தி.

முகூர்த்த சீசன் வந்ததும் ஆரம்பித்தது. கேமரா கார்டிலிருந்து படங்களை இறக்கும்போது கார்டு ரீடர் பாதியில் அறுந்துபோகும். இரண்டாவது எஸ்எஸ்டி திடீரென்று காணாமல் போய், ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வரும். "மாப்ள, டிரைவே காணோம், முந்தாநாள் எடுத்த ரிசப்ஷன் மொத்தமும் அதுலதான் இருக்கு" என்று போனில் அலறினார்.

இந்த இரண்டு அறிகுறியும் கைகாட்டுவது சிப்செட்டைத்தான். இந்த வகை போர்டில் எஸ்எஸ்டி செருகும் முதல் எம்.2 ஸ்லாட் நேராக பிராசசருக்குப் போகும். இரண்டாவது எம்.2, ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா, யுஎஸ்பி போர்ட்டுகளில் பல எல்லாம் சிப்செட் வழியாகத்தான் போகின்றன. அது சூடேறித் திணறினால் அதன் பின்னால் இருப்பவை ஒவ்வொன்றாக உதிரும்.

கடைக்காரர் போட்ட ஒரு பழைய டெம்பரேச்சர் புரோகிராம் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தது. ராத்திரி முழுக்க அணைத்து வைத்திருந்த மெஷினைக் காலையில் ஆன் செய்து திறந்தேன். ஏயுஎக்ஸ் என்ற வரியில் அதே 127. விண்டோஸ் எழுந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போர்டில் சூட்டையும் ஃபேன் வேகத்தையும் கண்காணிக்க ஒரு தனி சிப் உண்டு. அதற்குப் பல சென்சார் கால்கள். போர்டு தயாரித்தவர்கள் எல்லாவற்றிலும் சென்சார் இணைப்பதில்லை. எதுவும் இணைக்காத காலைப் படித்தால் குப்பைதான் வரும். பிளஸ், மைனஸ் குறியோடு சேர்த்து எட்டு பிட்டில் எழுதக்கூடிய உச்ச எண் 127, அதனால்தான் பலருடைய மெஷினிலும் அதே எண்ணாக வந்து நிற்கிறது. நிஜமான சென்சார் என்றால் குளிர்ந்த மெஷினில் அறைச் சூட்டை ஒட்டித் தொடங்கி, வேலை ஏற ஏற ஏறும். அசையாமல் நிற்கிற எண் எதுவும் சூடு இல்லை.

இதில் கூத்து என்னவென்றால், "எப்படிக் கொதிக்குது பாருங்க" என்று சொல்லும்போது அந்தக் கடைக்காரர் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடு) மேல் விரலை வைத்துக்கொண்டே பேசினாராம். 127 டிகிரியில்!

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற சென்சார் பார்க்கும் புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன். அதில் சிப்செட் என்றே தனி வரி வருகிறது. இந்த போர்டுகளில் 60, 70 என்று காட்டினால் பதற வேண்டியதில்லை. மாமாவுடையது ஃபைல் காப்பி போகும்போது 90-ஐத் தாண்டியது. கடைக்குப் போய் வந்த பிறகுதான் சிப்செட் உண்மையிலேயே கொதிக்க ஆரம்பித்திருக்கிறது.

திறந்து பார்த்தால் ஃபேன் வயரைப் பிடுங்கி ஓரமாகச் செருகி வைத்திருந்தார்கள். சத்தம் நின்ற ரகசியம் அது. (ஃபேன் சுற்றவில்லை என்பது மட்டுமே கோளாறு ஆகாது, சில போர்டுகளில் சூடு குறைவாக இருந்தால் அதுவே நின்றுவிடும். வயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.) ஹீட்சிங்கைக் கழற்றினேன். சிப்புக்கும் அதற்கும் நடுவே இருந்து சூட்டைக் கடத்த வேண்டிய மெத்தென்ற தெர்மல் பேடைக் காணோம், வெள்ளை பேஸ்ட் ஒரு குமிழ். அந்த ஹீட்சிங்க் பேடின் தடிமனுக்கு இடைவெளி விட்டுச் செய்தது. பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால்தான் சூட்டைக் கடத்தும், அந்த இடைவெளியை அது நிரப்பாது.

சிப் மாற்றிய தடயம் எதுவும் இல்லை. அதன் அடியில் போர்டோடு ஒட்டவைக்கும் நூற்றுக்கணக்கான குட்டி சால்டர் உருண்டைகள். அதைப் பெயர்த்து வைக்க ரீவொர்க் மெஷின் வேண்டும், வைத்தால் சுற்றிலும் சால்டர் செய்யத் தடவும் ஃபிளக்ஸின் கறை இருக்கும். இங்கே பல வருஷத்துத் தூசி கலையாமல் படிந்து கிடந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சரியான தடிமனில் பேட் ஷீட்டும் ஒரு 80 மில்லிமீட்டர் ஃபேனும் வாங்கி, பேடை வெட்டி வைத்து, ஃபேனை ஹீட்சிங்கைப் பார்த்து ஊதவிட்டேன். சில நூறு ரூபாய்ச் செலவு. இப்போது காப்பி போகும்போதும் 65-ஐ ஒட்டித்தான் நிற்கிறது.

மெஷினைக் கொடுக்கும் முன் போர்டை மொபைலில் நாலு படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பாகம் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பில் கேளுங்கள், தராவிட்டால் பணத்தையாவது யுபிஐ-இல் போடுங்கள். மாமா ஜிபேயில் போட்டிருந்தது பின்னால் உதவியது.

இருவருமாகக் கடைக்குப் போனோம். "அண்ணே, மாத்துனதா சொன்ன பழைய சிப்பைக் கொடுங்க" என்றேன். கொஞ்சமும் அசராமல் டப்பாவைத் துழாவி ஒன்றை எடுத்து நீட்டினார். மேலே இருந்த எண் பிடி82எச்61. அது 2011 காலத்து இன்டெல் சிப்செட். மாமாவுடையது ஏஎம்டி போர்டு. எண்ணையும் ஜிபே ரசீதையும் அவர் முன்னாலேயே படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ மொபைலில் அடித்துக் காட்டினேன். "ஏன் சார் அவசரப்படுறீங்க, பையன் மாத்தி எடுத்துட்டான்" என்று 6,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். மீதி 500 சர்வீஸ் சார்ஜாம்.