பழைய ஏபிஐ பதிப்புக்கு எவ்வளவு ஆயுள்? ஸ்ட்ரைப்பும் ஷாப்பிஃபையும்

இணையவழிப் பணம் பெற உதவும் ஸ்ட்ரைப், இணையக் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை இரண்டுமே தங்கள் ஏபிஐ (பிற நிரல்கள் அந்தச் சேவையோடு பேசுவதற்கான இடைமுகம்) பதிப்புகளுக்குத் தேதியையொட்டியே பெயரிடுகின்றன. ஆனால் பழைய பதிப்பை என்ன செய்வது என்பதில் அவற்றின் வழிகள் வேறு.

ஸ்ட்ரைப்பில் ஒரு கணக்கிலிருந்து முதல் கோரிக்கை போகும்போதே அன்றைய பதிப்பு அக்கணக்கோடு பிணைக்கப்பட்டுவிடுகிறது. நாமாக மாற்றும்வரை, புதிய வடிவில் உருவாகும் பதிலைப் பழைய வடிவத்துக்குப் படிப்படியாகத் திருப்பித் தரும் சுமையை நிறுவனமே ஏற்கிறது. குறிப்பிட்ட ஒரு கோரிக்கையை மட்டும் அதன் ஹெடரில் (கூடவே செல்லும் குறிப்புப் பகுதியில்) வேறு பதிப்பைக் குறிப்பிட்டுச் சோதிக்கவும் இயலும்.

ஷாப்பிஃபையில் பதிப்பு, கோரிக்கையின் முகவரியிலேயே இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு ஒரு பதிப்பு வெளியாகிறது; ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 12 மாத ஆதரவு உண்டு. காலாவதியான பதிப்பைக் கேட்டால், அப்போது ஆதரவிலுள்ளவற்றில் மிகப் பழையது பதில் தரும். சலுகை போலத் தோன்றும் இந்த ஏற்பாடுதான் உண்மையில் ஆபத்தானது: புதிய பதிப்பில் நீக்கப்பட்ட ஒரு தரவுப் புலத்தை நம்பியிருந்த நிரல், யாரும் கைவைக்காமலேயே ஒரு காலாண்டின் தொடக்கத்தில் பழுதாகக்கூடும். ஆகவே, பதிலின் ஹெடரில் வரும் பதிப்பைக் கண்காணிப்பது இங்கே கட்டாயம். போதாக்குறைக்கு, 2024 அக்டோபர் 1 முதல் ஷாப்பிஃபையின் பழைய பாணி இடைமுகமான ரெஸ்ட் அட்மின் ஏபிஐ மரபுநிலைக்கு (லெகசி) தள்ளப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய பொதுச் செயலிகள் அதற்கு மாற்றான, வேண்டிய தரவை மட்டும் கேட்டுப் பெறும் கிராஃப்கியூஎல்லையே பயன்படுத்த வேண்டும்.

பராமரிப்புக்குத் தனி ஆள் இல்லாத சிறு குழுவுக்கு ஸ்ட்ரைப்பின் முறையே பொருந்தும் என்பேன். எனினும், பல ஆண்டு மாற்றங்களை ஒரே மூச்சில் கடக்க நேரும்போது அந்த நிம்மதிக்கான விலையைச் செலுத்த வேண்டியிருக்கும்.