எல்லவா, அப்புத்தளையா?

யாழ்ப்பாணத்தில் ஏற மலையும் இல்லை, போர்த்திக்கொள்ளக் குளிரும் இல்லை. மலைநாட்டுக்கு 2 நாள் கிடைத்தால் எல்ல, அப்புத்தளை என்ற இரண்டு ஊர்களில் எங்கே தங்குவது?

எல்லவில் எல்லாம் கிட்ட. 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் சின்ன சிவனொளிபாத மலைக்கும் நடந்தே போகலாம். சின்னப் பிள்ளைகளோடு போனால் இதுதான் சுகம். ஆனால் கடைத்தெரு முழுக்க பீட்சாவும் பாட்டும். ஊர்க்காரர் முகம் காண்பது அரிது.

என் மனம் அப்புத்தளைப் பக்கம்தான். தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ். அங்கிருந்து லிப்டன் இருக்கை என்ற மலைக்காட்சி முனைக்கு 7 கிலோமீட்டர் ஏற்றம். விடியவே தொடங்க வேண்டும், வெயில் ஏற ஏற மூடுபனி காட்சியை மறைத்துவிடும். (நாங்கள் பிந்திப் போய் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்தோம்!) வழியெல்லாம் கொழுந்துக் கூடையோடு பெண்கள், தோட்டத் தொழிலாளரின் வரிசையான லயன் வீடுகள், மஞ்சள் துணி கட்டிய சிறு கோயில்கள். ஓர் அம்மா, “எங்கிருந்து தம்பி வர்றீங்க?” என்றார். யாழ்ப்பாணம் என்றதும், “அங்கயும் இப்படிக் குளிருமா?” என்று சிரித்தார். அவர் தந்த சூட்டு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும், அப்பப்பா!

தங்குமிடத் தெரிவு எல்லவில்தான் அதிகம். அப்புத்தளையில் இருட்டினால் கடைகள் அடங்கிவிடும், ஸ்வெட்டர் கட்டாயம்.