கேபினில் அடங்கும் ஸ்ட்ரோலர்: சிங்கப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உழைத்த கதை

குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் இந்த ஸ்ட்ரோலரை வாங்குவதானால் மடிப்புக்காக வாங்குங்கள். ஓட்டத்தில் இது சுமார்தான். மூத்தவளைச் சுமந்து, இப்போது இளையவனையும் சுமந்துகொண்டிருக்கும் வண்டியைப் பற்றி இந்த ஒரு வரியை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மடித்தால் விமானத்தில் தலைக்கு மேல் இருக்கும் பெட்டிக்குள் போய்விடும். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் எல்லாமே அண்ணன் தம்பிகள்தான்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடியில். இந்த ஊர் ஸ்ட்ரோலருக்கென்றே கட்டியது போல இருக்கும். எம்ஆர்டி என்னும் நகர ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு. 2017 முதல் பேருந்திலும் வண்டியை மடிக்காமலே ஏற்றலாம். அதற்கு முன்பு ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடித்த வண்டி, தோளில் பையோடு ஏறியவர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. சக்கர நாற்காலிக்கான இடத்தில்தான் நிறுத்த வேண்டும். சக்கர நாற்காலியில் யாராவது வந்தால் அவருக்குத்தான் முன்னுரிமை, நாம் மடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில்தான் ஒரு கையால் மடிக்க முடிவதன் அருமை தெரியும். கடையில் விற்பனையாளர் இரண்டு நொடியில் மடித்துக் காட்டுவார். பஸ் ஆடும்போது, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்ய ஒரு வாரம் பழக வேண்டும்.

டாக்சியில் வேறு கதை. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குக் காரில் தனி இருக்கை வேண்டும் என்பது இங்கே சட்டம். டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. அதனால் சிறுகுழந்தை இருக்கும் வீட்டில் எது வருகிறது என்று பார்த்துத்தான் பதிவு செய்வோம்.

சின்னச் சக்கரம்தான் இதன் பலவீனம். ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பி மாட்டிக்கொள்ளும். வண்டியைத் திருப்பி, பின்சக்கரம் முதலில் ஏறும்படி நாம் பின்னால் நடந்து இழுத்துவிட்டால் சிக்காது. சாக்கடை மூடியிருக்கும் இரும்புக் கம்பிகளையும் நேராகக் கடக்காமல் குறுக்காகக் கடக்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையின் ஈரத்தரையில் வழுக்காமல் போகிறது, ஆனால் காய்கறிப் பைகளைக் கைப்பிடியில் தொங்கவிட்டுவிட்டுக் குழந்தையை இறக்கினால் வண்டி பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். கீழே இருக்கும் கூடை ஒரு கட்டுக் கீரைக்கும் டயபர் பொட்டலத்துக்கும் சரி, அதற்கு மேல் தாங்காது.

நீண்ட நாள் பயன்பாட்டில் எனக்குப் பெரிய எதிரி புழுக்கம். புதிய வீவக வீடுகளில் கனத்த இரும்புக் கதவோடு ஒரு பாதுகாப்பறை இருக்கும். பாம்ப் ஷெல்டர் என்பார்கள். நிஜத்தில் எல்லார் வீட்டிலும் அதுதான் ஸ்டோர் ரூம். வண்டியை அதற்குள் மடித்து வைத்துவிட்டுச் சில வாரம் ஊருக்குப் போய் வந்தால், தோள் பெல்ட்டின் பின்புறமும் இருக்கைத் துணியின் மடிப்பிலும் மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகள் இருக்கும். பூஞ்சைதான். துணியைக் கழற்றி, நீர்த்த வினிகரில் தேய்த்து, நல்ல வெயிலில் ஒரு பகல் முழுக்கக் காயவைத்தால் வாடை போய்விடும், கறை முழுக்கப் போகாது. மழை உறையைப் போட்டு வெயிலில் தள்ளவே கூடாது, உள்ளே ஆவியாகிவிடும். மற்றபடி முன்சக்கரம் கீச்சிட ஆரம்பித்தால் எண்ணெயைத் தேடாதீர்கள். அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடியையும் நூலையும் ஒரு சாமணத்தால் இழுத்து எடுத்தாலே போதும். கைப்பிடியின் நுரைப்பஞ்சு மட்டும் உதிர்ந்துவிட்டது, டேப் சுற்றியிருக்கிறோம்.

விமானத்துக்கு வருவோம். கேபின் பைக்கு 56×45×25 சென்டிமீட்டர் என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் சொல்லும் வழிகாட்டு அளவு. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரு சிக்கன விமானத்தில், போகும்போது உள்ளே விட்டார்கள். திரும்பும்போது கதவருகே சீட்டு ஒட்டி வாங்கிக்கொண்டார்கள். இறங்கும் வாசலில் கிடைக்கும் என்று நினைத்தால் பெட்டிகளோடு பெல்ட்டில்தான் வந்தது. தூங்கும் குழந்தையோடு குடிநுழைவு வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். சாங்கி விமான நிலையத்தில் இலவச ஸ்ட்ரோலர்கள் உண்டு, எல்லா ஊரிலும் அப்படி இல்லை. குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் துணித் தூளிப்பை ஒன்று கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஊருக்கு ஊர் இதன் மதிப்பு மாறுகிறது. தோக்கியோவில் ரயிலிலும் பேருந்திலும் மடிக்காமல் போகலாம் என்று ஜப்பான் அரசு 2014இல் பொதுவிதி வகுத்து, அதற்கென்று ஒரு குறியீடும் ஒட்டியது. பல்பொருள் அங்காடிகளின் குழந்தை அறைகளில் பால்பவுடர் கலக்க வெந்நீர்கூட வரும். சிரமம் லிஃப்ட்டைக் கண்டுபிடிப்பதில்தான். பெரிய நிலையங்களில் அது ஒரு கோடியில் இருக்கும், நமக்கு வேண்டிய வாசல் மறுகோடியில். பாங்காக்கில் வான்ரயிலுக்குக் கீழே சியாம் நிலையத்திலிருந்து சிட்லோம் நிலையம் வரை செல்லும் மேல்நடைபாதையில் வெண்ணெயாக ஓடும். தெருவில் இறங்கினால் கம்பம், கடை, உடைந்த கல். ஹனோயின் பழைய பகுதியில் நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள்கள். வார இறுதியில் ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி மோட்டார் வாகனங்களை விடமாட்டார்கள், அப்போது மட்டும் ஸ்ட்ரோலரை வெளியே எடுத்தோம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையான ஐந்தடிப் பாதை பார்க்க அழகு. கடைக்குக் கடை தரைமட்டம் மாறுவதால் தள்ளுவதைவிடத் தூக்குவதே அதிகம். பத்துமலையின் 272 படிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, குழந்தை தோளுக்கு, வண்டி அடிவாரத்துக்கு.

சிவகங்கைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் வீட்டில் இது வேறு பொருளாகிவிடும். "ஏம்ப்பா, புள்ளைய ஒரு எட்டு இடுப்புல தூக்கி வெச்சா என்ன? அதுல கட்டிப் போட்டுத்தான் ஆகணுமா?" என்று அப்பத்தா கேட்கும். வாதாடிப் பயனில்லை. ரெண்டாம் நாளே அதே அப்பத்தா வண்டியைத் திண்ணையில் நிறுத்தி, பெல்ட்டைப் போட்டு, பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருக்கும். தெருவில் தள்ள முடியாவிட்டாலும் சோறூட்ட இதைவிட நல்ல நாற்காலி கிடையாது என்பது அங்கே முடிவாகிவிட்டது.

குழந்தைக்கு நான்கு வயதை ஒட்டியதும் கால் தரையை உரசும், அதன்பிறகு நெடுந்தூரப் பயணத்துக்கு மட்டும்தான். குறைந்த விலை என்று சொல்ல முடியாது. வேலை முடிந்து நாடு திரும்பும் குடும்பங்கள் சிங்கப்பூரில் அடிக்கடி நல்ல நிலையில் விற்றுவிட்டுப் போவதால் பழையதாக வாங்குவதே புத்திசாலித்தனம். அப்படி வாங்கும்போது துணி வெளுத்திருப்பதைப் பார்த்துத் தயங்காதீர்கள், துணி தனியாகக் கிடைக்கும். பிரேக்கைப் போட்டுச் சரிவில் நிறுத்திப் பாருங்கள். பிறகு நாலைந்து தடவை மடித்து விரியுங்கள். பூட்டு ஒரு தடவை சிக்கினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.