பழைய ஃபைபர் படகுக்கு எந்த ரெசின், எந்தப் பெயின்ட்?

என் தம்பியின் படகு 28 அடி நீளம். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்கு அடுத்த வருடம் நிவாரணமாக வந்தது. அந்தச் சில வருடங்களில் நாகப்பட்டினம் கரையில் கட்டுமரம் கிடந்த இடத்தையெல்லாம் ஃபைபர் படகு பிடித்துக்கொண்டது. அன்று வந்தவற்றில் இன்றும் கடலுக்குப் போகிற படகுகளைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஏராவின் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) இரண்டு பக்கமும் மணலில் தேய்ந்து, மேல்பூச்சு போய், உள்ளே இருக்கும் ரோவிங்கின் (தடித்த கண்ணாடி இழைத் துணி) நெசவு பாய் பின்னியதுபோல் தெரியும். தம்பியின் படகில் அது போதாதென்று அணியத்துக்கு, அதாவது முன்முனைக்குக் கீழே முழங்கை நீளத்துக்கு ஒரு விரிசல்.

ஃபைபர் என்பது ரெசின் என்ற பிசினில் நனைத்து இறுகவைத்த கண்ணாடி இழை; பாலியஸ்டர், எபாக்சி எல்லாம் ரெசின் வகைகள். எதைப் போடுவது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ரெசின் கடைக்காரர், பாலியஸ்டரில் மேட் (நெய்யாத கண்ணாடி இழை விரிப்பு) போட்டு ஜெல்கோட் (நிறம் கலந்த மேல்பூச்சு ரெசின்) அடித்தால் புதுப் படகு மாதிரி ஆகிவிடும் என்றார். துறைமுகத்தில் விசைப்படகு வேலை பார்க்கும் மேஸ்திரி, எபாக்சி தவிர வேறு எதையும் தொடாதீர்கள் என்றார். பக்கத்துப் படகுக்காரர் பட்டி பார்த்து எனாமல் அடித்துவிட்டு மறுநாளே கடலுக்குப் போய்விட்டார். மூன்றுமே வெவ்வேறு படகுக்குச் சரியான யோசனைகள். எது எந்தப் படகுக்கு என்பதைத்தான் இங்கே அலசிப் பார்க்கிறேன்.

முதலில் ரெசின்

பாலியஸ்டரின் பெரிய பலம், படகு பிறந்ததே அதில்தான் என்பது. கையில் பழகிய பொருள், எந்த ஊரிலும் கிடைக்கும், எபாக்சியின் விலையில் பாதிகூட இராது. 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. வரை கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்). மே மாத வெயிலில் 10-க்கு மேல் போனால் உருளையை எடுப்பதற்குள் டப்பாவிலேயே கெட்டியாகிவிடும். காலை எட்டு மணிக்கு ஒட்டிய மேட்டை மதியத்துக்குள் கிரைண்டர் போட்டுத் தேய்க்கலாம். நாள் கூலி போகிறதே என்று தவிக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதன் குறை பிடிப்பில் இருக்கிறது. பழைய ஃபைபர் என்றைக்கோ முழுக்க இறுகிப்போய்விட்டது. அதன்மேல் புது பாலியஸ்டரை ஊற்றினால் இரண்டும் கரைந்து ஒன்றாவதில்லை. தேய்த்து உண்டாக்கிய சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். போதாததற்கு இறுகும்போது சுருங்கவும் செய்யும். புதுப் படகு கட்டும்போது இது பெரிதாகத் தெரியாது. ஒட்டுப் போடும்போது ஓரத்தில் இழுவிசை வந்து, அலையில் அடிவாங்க அடிவாங்க அந்த ஓரம்தான் முதலில் பிரிகிறது. ஒட்டிய துண்டு அப்பளம் மாதிரி முழுசாகக் கழன்று வந்ததை எங்கள் கரையில் நானே பார்த்திருக்கிறேன்.

எபாக்சி அடிப்படையில் ஒரு பசை. சுருங்குவது மிகக் குறைவு, பழைய ஃபைபரைப் பிடிப்பதில் பாலியஸ்டரைவிடப் பல படி மேல், தண்ணீரையும் அவ்வளவு எளிதில் உள்ளே விடாது. விலை குறைந்தது இரண்டு மூன்று மடங்கு. ஆனால் விலையைவிட நம் ஆட்களுக்குச் சிரமம் தருவது அதன் கண்டிப்பு. பாலியஸ்டரில் சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் கேட்டலிஸ்டை ஒரு சொட்டு கூட்டுவார்கள். அதே பழக்கத்தில் எபாக்சியில் ஹார்ட்னரை (அதை இறுக வைக்கும் இரண்டாவது டப்பா) கூட்டினால் அது கடைசிவரை ரப்பர் மாதிரி தொளதொளவென்று நின்றுவிடும். டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி துல்லியமாக அளந்துதான் கலக்க வேண்டும். கலந்ததை ஆழமான டப்பாவில் வைத்திருந்தால் தானே சூடேறிப் புகையும். அகலமான தட்டில் ஊற்றிவிட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு மெதுவாக இறுகும் ஹார்ட்னரைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: கடையில் மலிவாகக் கிடைக்கும் மேட்டை எபாக்சியோடு போடக் கூடாது. அந்த மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. அதனால் மேட் விறைப்பாகவே நின்று, வளைவுகளில் படியாமல், உள்ளே வெள்ளை வெள்ளையாகக் காற்று தங்கிவிடும். எபாக்சிக்கு நெய்த கிளாத் அல்லது ரோவிங் வாங்குவதுதான் சரி.

இதே ஸ்டைரீன் இன்னொரு இடத்திலும் வேலையைக் காட்டும். படகு மூழ்காமல் இருக்க உள் அறைகளில் சிலர் தெர்மகோல் அடைத்திருப்பார்கள். ஓட்டை அதுவரைக்கும் போயிருந்தால், பாலியஸ்டர் பட்ட இடத்தில் தெர்மகோல் உருகிப் பள்ளமாகிவிடும். எபாக்சி அதை ஒன்றும் செய்யாது. ஓட்டைக்குள் விரலை விட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு ரெசின் வாங்கப் போங்கள்.

இரண்டுக்கும் நடுவே வினைல் எஸ்டர் இருக்கிறது. பாலியஸ்டரைப் போலவே கையாளலாம், பிடிப்பும் நீர் தாங்குவதும் அதைவிட நன்றாக இருக்கும், மேட்டோடும் சேரும். ஆனால் நம் வெப்பத்தில் சில மாதங்களுக்கு மேல் டப்பாவில் தங்காது என்பதால் சின்னக் கடைகளில் வாங்கி வைப்பதில்லை. புதிதாகத் தயாரித்த டப்பா கிடைத்தால் தாராளமாகப் போடலாம்.

என் முடிவு இது. விரிசல், ஓட்டை, ஏரா, எஞ்சின் மாட்டும் பின்பலகை ஆகிய அடி விழும் இடங்களுக்கு எபாக்சி. மேல்தட்டில் கால் பட்டுத் தேய்ந்த இடம், பக்கவாட்டில் லேசான சிராய்ப்பு போன்றவற்றுக்கு பாலியஸ்டரே போதும். இரண்டையும் ஒரே படகில் போடலாம், ஆனால் வரிசை முக்கியம். பாலியஸ்டர் மேல் எபாக்சி பிடிக்கும். எபாக்சிமேல் பாலியஸ்டரோ ஜெல்கோட்டோ அடித்தால் பல சமயம் சரியாக இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். அதனால் எங்கே எபாக்சி போடுகிறோமோ அங்கே ஜெல்கோட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

எந்த ரெசினையும் தோற்கடிக்கும் விஷயம்

தம்பி படகில் முதலில் பாலியஸ்டர் ஒட்டுதான் போட்டோம். ஒன்றரை மாதத்தில் ஓரம் எழும்பிவிட்டது. ரெசினைக் குறை சொன்னோம். பிரித்துப் பார்த்தால் அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தப்பு எங்களுடையது. கடலிலிருந்து வந்த படகை இரண்டே நாள் காயவைத்து, மேலே மட்டும் தேய்த்து ஒட்டியிருந்தோம்.

இரண்டாவது முறை நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவி, பத்து நாள் வெயிலில் போட்டோம். ஒரு சாண் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு பகல் முழுக்க விட்டுப் பார்த்தோம். முதல் வாரத்தில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. பத்தாம் நாள்தான் காய்ந்த தாள் வந்தது. அப்புறம் சுத்தியலின் மரப்பிடியால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தோம். நல்ல இடத்தில் ணங்கென்று கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் பழுத்த பலாப்பழத்தைத் தட்டினாற்போல் மொத்தென்று கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸில் வட்டமிட்டுக்கொண்டு வந்தால், கண்ணுக்குத் தெரிந்த விரிசல் ஒரு முழம், உள்ளே பிரிந்தது இரண்டு முழம்.

தேய்ப்பதற்கு முன்னால் அசிட்டோன் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு உப்புத்தாள் போட்டால் பிசுக்கைக் கீறல்களுக்குள்ளே திணிப்பதாகத்தான் ஆகும். விரிசலின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், தட்டு மாதிரி சரிவாக இழைக்க வேண்டும். தகட்டின் கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு சரிவு என்பது நம்பகமான கணக்கு. 6 மி.மீ. கனமென்றால் சுற்றிலும் 7 செ.மீ. கையளவு ஓட்டைக்கு இவ்வளவு பெரிய பள்ளமா என்று தம்பி பதறினான். ஒட்டு நிற்பதே அந்தச் சரிவில்தான்.

எபாக்சி இறுகிய மறுநாள் மேலே மெழுகு தடவியதுபோல் ஒரு வழவழப்பு வரலாம். தண்ணீரும் பச்சை நார்த் துண்டும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அடுத்த பூச்சு பிடிக்காது. மேடு பள்ளம் நிரப்ப, கார்களுக்குப் போடும் பட்டியை நீர்மட்டத்துக்குக் கீழே போடாதீர்கள். அதில் இருக்கும் டால்க் தண்ணீரைக் குடிக்கும்.

கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வலை காயப்போடும், பிள்ளைகள் விளையாடும் அதே மணலில்தான் நாம் தேய்க்கிறோம். கீழே தார்ப்பாய் விரித்து, தூளை அள்ளி எடுத்துவிடுங்கள். கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் (பாலியஸ்டர் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்டையும் தனியாக வாங்குகிறவர்கள் அவை இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது. வெடிக்கும்.

இனி பெயின்ட்

ஜெல்கோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆசை காட்டி ஏமாற்றுவது அதுதான். அரை மி.மீ. கனம், புதுப் படகின் பளபளப்பு, பல வருட உழைப்பு எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பளபளப்பு அச்சிலிருந்து வருவது. அச்சுக்குள் முதலில் ஜெல்கோட்டை அடித்து, அதன்மேல்தான் படகையே கட்டுகிறார்கள். கவிழ்த்துப் போட்ட பழைய படகின் வெளிப்புறம் அடித்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக வரும். காற்றுப் பட்ட மேல்பரப்பு இறுகாமல் ஒட்டும் என்பதால் மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும். பிறகு 220-ஆம் நம்பர் தாளில் தொடங்கி 1000 வரை தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும். 28 அடிப் படகுக்கு இந்தக் கூலியைக் கணக்குப் போட்டாலே மனசு விட்டுப்போகும். மற்ற இடமெல்லாம் பழைய ஜெல்கோட் நன்றாக இருந்து, உள்ளங்கையளவு இடத்தில் பெயர்ந்திருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

ஆக, உண்மையான போட்டி எனாமலுக்கும், இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட்டுக்கும்தான்.

எனாமலை நான் மட்டமாகப் பேச மாட்டேன். எந்தப் பெயின்ட் கடையிலும் கிடைக்கும், பிரஷ் போதும், ஈரப்பதத்துக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டாம், உரசிய இடத்தில் மறுநாளே ஒரு கை தொட்டுவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை எப்படியும் அடிக்கப்போகிறோம் என்றிருப்பவருக்கு அதில் தவறே இல்லை. ஆனால் ஒரு கோடை தாண்டினால் கையில் மாவு மாதிரி ஒட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் வரும். எனாமல் இருக்கும் படகில் பிறகு பாலியூரித்தேன் அடிக்க நினைத்தால், அதன் தின்னர் கடுமையானது என்பதால் அடியிலிருக்கும் எனாமல் சுருங்கி எழும்பிவிடும். முழுக்க உரித்தாக வேண்டும். படகில் இப்போது இருப்பது என்னவென்று தெரியாவிட்டால் பாலியூரித்தேன் தின்னரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். இளகினால் எனாமல்.

பாலியூரித்தேனுக்கு அடியில் எபாக்சி பிரைமர் வேண்டும், நாளும் நேரமும் பார்த்து அடிக்க வேண்டும். பனி விழும் நேரத்தில் பெயின்ட் காயாமல் ஈரமாக இருந்தால் மினுமினுப்பு மங்கிப்போகும். கடற்கரையில் காலை வெயில் ஏறிப் பனி ஈரம் காய்ந்த பின் தொடங்கி, சாயங்காலத்துக்குச் சில மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். ஒருவர் உருளையால் தடவிக்கொண்டே போக, இன்னொருவர் பின்னாலேயே நல்ல பிரஷின் நுனியால் லேசாக இழுத்துவிட்டால் ஸ்பிரே அடித்ததற்குப் பக்கத்தில் வந்துவிடும். ஸ்பிரே அடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அதன் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் புகையாகப் பறந்து மூச்சில் போனால் ஆஸ்துமாவையே கொண்டுவரும், துணியைக் கட்டிக்கொண்டு தப்ப முடியாது. உருளையால் அடிக்கும்போதும் கரிக் குப்பி வைத்த முகமூடி போட வேண்டும். இத்தனை பாடுபட்டால் பக்கவாட்டில் நாலைந்து வருடம் நிறமும் பளபளப்பும் நிற்கும். எபாக்சி வெயிலில் தானாக மாவாகிப் போகக்கூடியது என்பதால், எபாக்சி ஒட்டுகளுக்கு இது குடையாகவும் இருக்கிறது.

அடிப்பாகத்தைப் பொறுத்தவரை தினமும் டிராக்டரால் மணலில் இழுக்கும் படகுக்கு எந்த விலையுயர்ந்த பெயின்ட்டும் வீண். அங்கே பணத்தை ரோவிங்கில் போடுங்கள். ஏராவின் மேல் எபாக்சியில் இரண்டு அடுக்கு கூடுதல் ரோவிங் ஒட்டி, தேயத் தேய அதை மட்டும் புதுப்பித்துக்கொண்டு போகலாம். சிலர் இரும்புப் பட்டை முடுக்குகிறார்கள். ஆணி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் ஃபைபருக்குள் ஏறுவதால் எனக்கு அதில் விருப்பமில்லை. பாசி, கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு உயிரி) தடுக்கும் செம்புப் பெயின்ட் துறைமுகத்திலேயே மிதந்து கிடக்கும் படகுக்குத்தான் வேண்டும். அப்படிப்பட்ட படகின் அடியில் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். குத்தினால் புளிக்காடி வாசனையோடு நீர் வந்தால் ஈரம் ஃபைபருக்குள்ளேயே போய்விட்டது. அதற்கு வாரக்கணக்கில் காயவைத்து எபாக்சி பிரைமர் பல கோட் கொடுப்பது தவிர வேறு வழியில்லை. பாலியூரித்தேன் தண்ணீருக்குள்ளேயே நாள்கணக்கில் கிடந்தால் கொப்பளிக்கும் என்பதால் அந்தப் படகுகளில் நீர்மட்டத்துக்கு மேலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நிறம் வெளிரியதாக இருப்பது நல்லது. கருநீலமும் கறுப்பும் வெயிலில் சூடேறி, சில மாதத்தில் உள்ளே இருக்கும் ரோவிங்கின் கட்டம் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

வேலைக்கு நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் நல்ல மேஸ்திரிகள் எல்லோரும் துறைமுகத்தில்தான் இருப்பார்கள். மார்ச்சிலேயே அவர்களைப் பிடித்துவிட்டால் வெயிலும் கிடைக்கும், கையும் கிடைக்கும். தேய்ப்பதற்கு முன் பதிவு எண்ணை எழுத்தின் அளவோடு போட்டோ எடுத்துவைத்துக்கொண்டால் திரும்ப எழுதும்போது சிரமமில்லை.

தம்பி படகில் கடைசியாகச் செய்தது: விரிசலுக்கும் ஏராவுக்கும் எபாக்சி, மேல்தட்டுக்கு பாலியஸ்டர், பக்கவாட்டில் வெள்ளை பாலியூரித்தேன். அடியில் பிரைமரோடு விட்டுவிட்டோம். மீதியான ரோவிங்கில் இரண்டு முழம் சுருட்டி என் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன், அடுத்த வருடம் ஏராவுக்கு வேண்டியிருக்கும்.